பட்டா எண் ஏழு

குபேர கார்டன் சிட்டி ஃபேஸ் டூ வாழ் பெருமக்களின் மேலான கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நெருப்பு, சக்கரம், ரேஷன் கார்டு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் அடையப்போகும் மாபெரும் முன்னேற்றம், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு, குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிறுவனத் தலைவரும், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரும், சமூகச் செம்மலுமான திரு. மணிமாறன் அவர்களின் இல்லத்து வாசலில் அரங்கேற இருக்கிறது.

இப்படித்தான் மணிமாறன் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்தவர் இதை ஒரே மூச்சில் படிக்கப் பார்த்து, இரண்டாவது தெருவிலேயே தொண்டை கட்டி, மூன்றாவது தெருவிலிருந்து தன் சொந்தத் தமிழுக்கு மாறிக்கொண்டார்: "ஞாயித்துக்கெழம காலையில பத்து மணிக்கு போலீஸ் பட்டா குடுக்குறாங்க. எல்லாரும் தலைவர் வூட்டுக்கு வந்துருங்க."

குழப்பம் அந்த மூன்றாவது தெருவில்தான் தொடங்கியது.

பட்டா என்றால் நம் ஜனங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மண் இன்னாருக்குச் சொந்தம் என்று வருவாய்த் துறை எழுதிக் கொடுக்கும் தாள். அதற்காக மனிதர்கள் பிறந்து, வளர்ந்து, மனுக் கொடுத்து, மனு நிலுவையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தும் விடுகிறார்கள். போலீஸ்காரர்களுக்கோ பட்டா என்றால் வேறு. ரோந்து வரும் காவலர், தான் வந்ததற்கு அத்தாட்சியாகத் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திடும் நோட்டுக்குப் பட்டா புத்தகம் என்று பெயர். ஒரு தகரப் பெட்டியில் அதைப் போட்டு யார் வீட்டுச் சுவரிலாவது மாட்டிவிடுவார்கள். பெரிய ஊர்களில் இதற்கு செல்போன் செயலி வந்துவிட்டது. குபேர கார்டனில் நெட் எடுக்காது. ஆகவே தகரப் பெட்டி வந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் கிளப்பும் புழுதி சற்றே அடங்கும் இடத்தில், இடதுபுறம் ஒரு வளைவு தெரியும். அதுதான் நகரின் நுழைவாயில். பத்து வருஷத்துக்கு முன் பருத்தியும் மக்காச்சோளமும் விளைந்த பூமி. இப்போது நூற்று அறுபது வீடுகளும், அவற்றின் காம்பவுண்டுக்குள் நூற்று அறுபது குரோட்டன்ஸ் செடிகளும் விளைந்திருக்கின்றன. ஃபேஸ் ஒன் எங்கே இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கடைசித் தெருவைத் தாண்டி ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம். ஹெல்மெட் போட்ட ஒருவன் பட்டப்பகலில் விலாசம் கேட்பதுபோல வந்து, நான்காவது தெருவில் ஒரு டீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியபோது, அவன் எந்த மாவட்டத்துத் திருடன் என்று தீர்மானிக்கவே இரண்டு ஸ்டேஷன்களுக்கும் ஒரு மாதம் ஆனது. அதன்பிறகுதான் சங்கம் விழித்துக்கொண்டு ரோந்து கேட்டது.

ஸ்டேஷனின் நிலைமை என்னவென்றால், அரசாணைப்படி இருக்க வேண்டியவர்கள் நாற்பது பேர். இருந்தவர்கள் பத்தொன்பது பேர். நாற்பது என்று நிர்ணயித்தபோது அந்த எல்லையில் இருந்தது வயல். வயலுக்குத் திருடன் வர மாட்டான் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பத்தொன்பதில் கோர்ட் வேலைக்குப் போனவர்கள், சம்மன் கொடுக்கப் போனவர்கள், பாஸ்போர்ட் விசாரிக்கப் போனவர்கள், எங்கோ நடக்கும் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போய் அங்கிருந்தே அடுத்த திருவிழாவுக்கு அனுப்பப்பட்டவர்கள், பெரிய அதிகாரி ஒருவர் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்பவர் எல்லோரையும் கழித்தால், இருபத்து மூன்று கிராமங்களுக்கும் பதினோரு புது நகர்களுக்கும் ரோந்து போக மிஞ்சியவர் ஒருவர். அவர் பெயர் உத்திராபதி. தலைமைக் காவலர். ஐம்பத்தெட்டு வயது. ஒரு மோட்டார் சைக்கிள் அவருடைய பொறுப்பில் இருந்தது. இரண்டில் எதற்கு மூட்டுவலி அதிகம் என்பது அன்றன்றைய வெயிலைப் பொறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மணிமாறன் வீட்டு வாசலில் நூறு பேர் கூடிவிட்டார்கள். சங்கக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் வந்து பார்த்திராத மனிதர், தன் செல்வாக்கைத் தானே இத்தனை நாள் குறைத்து மதிப்பிட்டிருந்ததாக நினைத்து, பேச்சைக் கால்மணி நேரம் நீட்டினார். வந்தவர்களில் பாதிப்பேர் கக்கத்தில் ஃபைல் வைத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. கவனித்தது, முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் சுகன்யா.

பேச்சு முடிவதற்குள் ஒரு பெண் எழுந்து முன்னால் வந்து, ஒரு பிளாஸ்டிக் ஃபைலை இன்ஸ்பெக்டர் மடியில் வைத்தாள். அவள் பெயர் அமிர்தவல்லி. குபேர கார்டனின் இட்லிகளில் பாதி அவள் கிரைண்டரிலிருந்து புறப்படுபவை. ஏழாவது தெருவின் கடைசியில், வாய்க்காலை ஒட்டி அவள் வீடு. நகர் வருவதற்கு முன்பே இருந்த ஒரே வீடு அது. அவளுடைய அப்பா அந்தப் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர். காட்டுக்காரர் காட்டை விற்றார். வாங்கியவர் பிளாட் போட்டார். நத்தத்தில் நின்ற அந்த வீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் வரைபடத்தில் அந்த இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டார்.

அமிர்தவல்லி அரும்பாவூரில் வாக்கப்பட்டவள். புருஷன் இறந்தபிறகு எட்டு வருஷத்துக்கு முன் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த நாளிலிருந்து பட்டா கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய கார்டுகள் எல்லாவற்றிலும் அரும்பாவூர் விலாசம். விலாசத்தை மாற்ற வேண்டுமானால் வீட்டு வரி ரசீது அவள் பெயரில் வேண்டும். வீட்டு வரியைப் பெயர் மாற்ற வேண்டுமானால் பட்டா வேண்டும். பட்டா வேண்டுமானால் அந்த விலாசத்தில் குடியிருக்கிறாள் என்று கார்டு வேண்டும். இந்த வட்டத்தை விட்டு வெளியே வர ஒரு வழியும் இல்லை என்பதை கிராம நிர்வாக அலுவலர் அறிவரசன் அவளுக்குப் பலமுறை பொறுமையாக விளக்கியிருக்கிறார்.

"நீங்க இங்கதான் குடியிருக்கீங்கன்றதுக்கு என்னங்கம்மா ஆதாரம்?" என்பார்.

"நேத்து சாயங்காலம் எங்கிட்டதானே சார் மாவு வாங்கிட்டுப் போனீங்க."

"அது ஆதாரம் இல்லீங்கம்மா. அது மாவு."

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினார். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், எட்டு மனுக்கள், எட்டு ஒப்புகைச் சீட்டுகள். இதை எதற்குத் தன்னிடம் கொடுக்கிறாள் என்று கேட்டார்.

"பட்டா குடுக்குறீங்கன்னு மைக்ல சொன்னாங்க மேடம். தாலுகா ஆபீஸ்ல முடியாதத போலீஸ்ல முடிச்சிக் குடுக்குறாங்க போலன்னு வந்தேன்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னும் ஐம்பது ஃபைல்கள் உயர்ந்தன. மணிமாறன் மைக்கைப் பிடித்து, இது அந்தப் பட்டா அல்ல, இது வேறு பட்டா, அந்தப் பட்டாவைவிட இது எவ்வளவோ மேலான பட்டா என்று விளக்கினார். ஐம்பது பேர் பாதாம் பாலைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். சிலர் குடிக்காமலே போனார்கள். அதுதான் அன்றைய விழாவில் வெளிப்பட்ட ஒரே உண்மையான கோபம்.

பெட்டியை மாட்டும் கட்டம் வந்தது. மணிமாறன் தன் வீட்டுக் கேட் தூணில் துளை போட்டு, ஆணி அடித்து, ஆணிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூவும் சுற்றித் தயாராக வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் அந்த ஆணியைப் பார்த்தார். பத்தடி தள்ளி ஓடும் மெயின் ரோட்டைப் பார்த்தார். பிறகு உத்திராபதியைப் பார்த்தார்.

"இங்க மாட்டுனா எங்க ஏட்டய்யா வண்டிய விட்டு எறங்காமயே கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாரு சார். கடைசி வூடு எது?"

உத்திராபதி, பாராட்டப்பட்டவரைப்போல அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசி வீடு அமிர்தவல்லியுடையது. ஊர்வலமாகப் போய் அவள் வீட்டு வாசல் சுவரில் பெட்டியை மாட்டினார்கள். ரோந்துப் பாதையில் அது ஏழாவது இடம். இன்ஸ்பெக்டர் நோட்டின் அட்டையில், 'பட்டா எண் 7. இடம்: அமிர்தவல்லி வீடு, ஏழாவது தெரு, குபேர கார்டன்' என்று எழுதி, ஸ்டேஷனின் வட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினார். அமிர்தவல்லி அதை இரண்டு முறை படித்தாள். எட்டு வருஷமாக எந்த வார்த்தைகளை எந்த வரிசையில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாளோ, அதே வார்த்தைகள், அதே வரிசையில், அரசாங்க முத்திரையோடு. பத்து நிமிஷ வேலை. முத்திரைதான் வேறு இலாகா.

முதல் வாரம் உத்திராபதி தினமும் இரண்டு வேளை வந்தார். இரண்டாவது வாரம் வண்டிக்குப் பெட்ரோல் வரவில்லை. மூன்றாவது வாரம் பெட்ரோல் வந்தது, அவரை அரியலூர்ப் பக்கம் ஒரு மறியலுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காவது வாரத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் பதினோரு மணி என்று ரோந்து ஒரு நிலைக்கு வந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, காபியைக் குடித்துவிட்டு, அந்த வாரத்துக்கான பதினான்கு கையெழுத்துகளையும் போடுவார். சட்டைப்பையில் மூன்று பேனா. ஒன்று நீலம், ஒன்று கறுப்பு, ஒன்று எழுதவா வேண்டாமா என்று யோசிப்பது. தேதிக்கு ஒரு பேனாவாக மாற்றி மாற்றி எழுதுவதில் அவருக்கு ஒரு நேர்த்தி கைவந்துவிட்டது.

சிக்கல், குறிப்பு என்ற கட்டத்தில்தான் வந்தது. 'பார்வையிடப்பட்டது. அமைதி' என்று பதினான்கு தடவை எழுதினால் யாருக்கும் சந்தேகம் வரும். எழுதுகிறவருக்குத் தூக்கம் வரும். ஆகவே உத்திராபதி தன் கற்பனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்துவிட்டார். முப்பத்தோரு வருஷ சர்வீஸில் அவர் மனம் ஒன்றிச் செய்த அரசுப் பணி இது ஒன்றுதான்.

ஒருநாள் அமிர்தவல்லி கேட்டேவிட்டாள். "தெனம் வந்த மாதிரியே எழுதுறீங்களே ஏட்டய்யா, பொய் இல்லீங்களா?"

"நா வராத நாள்லயும் நீ இங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"அமைதியா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்ப இதுல பொய் எதும்மா? நான் வந்தது ஒண்ணுதான். அத விட்டுரு."

மாதம் ஒருமுறை நோட்டு ஸ்டேஷனுக்குப் போகும். இன்ஸ்பெக்டர் பச்சை மையில் 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு நாற்பது பேர் செய்யும் வேலையைச் செய்தாக வேண்டும் என்றால், மீதி இருபத்தோரு பேரின் வேலையைப் பேனாதான் செய்ய முடியும்.

இதற்கிடையில் மணிமாறனின் தூணில் அந்த ஆணி அப்படியே நின்றது. பால் பாக்கெட் பையை மாட்ட அது வசதியாக இருப்பதாக வீட்டம்மா சொன்னபோது அவருக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. கௌரவத்தை மீட்க இரண்டு காரியம் செய்தார். முதலாவதாக, சங்கத்தின் ஆண்டறிக்கையை வழவழ தாளில் அச்சடித்து, 'தலைவரின் அயராத முயற்சியால் நமது நகரில் தினமும் இருமுறை, ஒரு நாள்கூடத் தவறாமல், போலீஸ் ரோந்து நடைபெறுகிறது' என்று முதல் பக்கத்தில் போட்டு, கலெக்டர் முதல் இன்ஸ்பெக்டர் வரை எல்லோருக்கும் நேரில் போய்க் கொடுத்தார். இரண்டாவதாக, தினமும் இருமுறை ரோந்து நடக்கும் அந்த நகருக்கு உடனடியாக ஒரு புறக்காவல் நிலையம் வேண்டும் என்று மனுக் கொடுத்தார்.

ஆள் இல்லை, ஆனால் கட்டடம் கட்டிக் கொடுத்தால் பெற்றுக்கொள்கிறோம் என்று காவல்துறையிடமிருந்து பதில் வந்தது. ஆளில்லாத கட்டடத்தைத் தன் வெற்றியாக அறிவித்து மணிமாறன் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். கட்டடத்துக்கு இடம் வேண்டுமே. வரைபடத்தை விரித்தார்கள். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளையாக ஓர் இடம் இருந்தது. 'காலியிடம், ஆக்கிரமிப்பில் உள்ளது' என்று எழுதி அனுப்பினார்கள். காலியாகவும் ஆக்கிரமிப்பாகவும் ஓர் இடம் ஒரே நேரத்தில் எப்படி இருக்கும் என்று எந்த மேசையிலும் யாரும் கேட்கவில்லை. பதினைந்து நாளில் உரிமைக்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அமிர்தவல்லிக்கு நோட்டீஸ் வந்தது.

அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு மணிமாறன் வீட்டுக்குப் போனாள். அவர் அவளை உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. ஊரின் பாதுகாப்பு என்று வரும்போது தனிமனிதர் சிறு தியாகங்களைச் செய்யத்தான் வேண்டும் என்று ஆரம்பித்து, ஜப்பான் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"ஒனக்கும் சேத்துதாம்மா இந்தப் பாதுகாப்பு. தனியா இருக்குற பொம்பள நீ."

"என் வூட்ட இடிச்சிப்புட்டு எனக்குப் பாதுகாப்புங்களா சார்?"

"அப்படிப் பாக்கக் கூடாது. பரந்த மனசோட பாக்கணும்."

"பரந்த மனசு இருக்குங்க சார். படுக்க எடம்தான் வேணும்."

வெளியே வரும்போது மணிமாறனின் வீட்டம்மா, நாளைக்கு ஒரு கிலோ மாவு சேர்த்து அனுப்பச் சொன்னார். சரி என்றுதான் சொன்னாள். தொழில் வேறு, நோட்டீஸ் வேறு.

அந்த வியாழக்கிழமை அவள் உத்திராபதியிடம், தாசில்தார் முன்னால் வந்து, தான் ஒன்பது வருஷமாக இங்கே குடியிருப்பதாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட், இந்த நேரத்தில் சாட்சி கீட்சி என்று போனால் எங்கே இழுத்துக்கொண்டு போகுமோ, நான் போலீஸ்காரன், பிறத்தியாரைத்தான் சாட்சிக்கு இழுத்துப் பழக்கம் என்றார். அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தோடே பதினான்கு கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். அவர் போனபிறகு அமிர்தவல்லி நோட்டை எடுத்து, முதன்முறையாக, முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள். கிரைண்டரில் மாவு வழிந்தது. எழுந்து போகவில்லை.

விசாரணை, ஒரு புதன்கிழமை காலை அவள் வீட்டு வாசலிலேயே நடந்தது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அறிவரசன் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றார். கட்டடத்தைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர் என்ற முறையில் இன்ஸ்பெக்டர் சுகன்யாவும், அவருக்கு வண்டியில் இடம் இருந்தது என்ற முறையில் உத்திராபதியும் வந்திருந்தார்கள். மணிமாறன், சங்கத்தார் பத்துப் பேரோடும் அடிக்கல்லுக்கான வாசகத்தோடும் வந்திருந்தார்.

"பட்டா இருக்காம்மா?" என்று தாசில்தார் கேட்டார். சடங்குக்குக் கேட்கப்படும் கேள்வி. இல்லை என்ற பதிலை அறிவரசன் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

"இருக்குங்க சார்."

அவள் சுவரிலிருந்து தகரப் பெட்டியைக் கழற்றி, நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். மணிமாறன் சிரித்தார். சங்கத்தாரும் சிரித்தார்கள். தாசில்தார் அட்டையைப் படித்துவிட்டு, இது போலீஸ் ரோந்து நோட்டும்மா என்று எரிச்சலோடு திருப்பிக் கொடுக்கப் போனார்.

"இருக்கட்டும் சார். அதுலயும் பட்டான்னுதான் போட்டிருக்கு. உள்ள ரெண்டு பக்கம் படிங்க."

அவர் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, சத்தமாகவே படித்தார். "மார்ச் நான்கு, காலை பதினொன்று பத்து. பார்வையிடப்பட்டது. வீட்டில் குடியிருக்கும் அமிர்தவல்லி நலம். அமைதி." புரட்டினார். "மார்ச் ஒன்பது, மாலை நான்கு இருபது. மேற்படி அமிர்தவல்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தார். சந்தேகத்துக்கிடமான நபர்கள் எவரும் இல்லை." மறுபடி புரட்டினார். "கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. மற்றபடி அமைதி." அவர் குரலில் எரிச்சல் குறைந்து ஆர்வம் ஏறிக்கொண்டிருந்தது. "மேற்படியாருக்குக் காய்ச்சல். கஷாயம் வைத்துக் குடிக்கும்படி அறிவுறுத்தப்பட்டது. மேற்படியாருக்குக் காய்ச்சல் குறைந்தது. சங்கத் தலைவரின் மனைவி மாவு வாங்க வந்தார். மாவு புளிக்கவில்லை என்று தகராறு செய்தார். இரு தரப்பையும் அழைத்துப் பேசி சமரசம் செய்யப்பட்டது."

யாரோ ஒரு சங்கத்தார் இருமினார்.

பதின்மூன்று மாதம். தினமும் இரண்டு. எழுநூற்றுத் தொண்ணூறு கையெழுத்து. பதின்மூன்று இடத்தில் பச்சை மையில் இன்ஸ்பெக்டரின் 'சரிபார்த்தேன்'. இந்தப் பெண் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று அரசாங்கமே நாளைக்கு இருமுறை எழுதி வைத்திருக்கிறது. தாசில்தார் தன் இருபது வருஷ சர்வீஸில் இத்தனை ஆதாரத்தோடு ஒரு மனுதாரரைப் பார்த்ததில்லை.

அவர் நோட்டை மூடிவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "மேடம், இதெல்லாம் உங்க ஸ்டேஷன் கையெழுத்துதானே? நெஜமாவே தெனம் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுத்தான் எழுதுனாரா?"

உத்திராபதி தன் ஷூவின் நுனியைப் பார்த்தார். இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அவருடைய பென்ஷன் போயிற்று. பச்சை மைக்காரரும் தனியாகத் தப்ப முடியாது. சுகன்யா ஒரு விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க பதிவேட்டுல இருக்கறதெல்லாம் உண்மைங்க சார்."

மணிமாறன் முன்னால் பாய்ந்தார். "பொய் சார். அத்தனையும் பொய். வியாழக்கெழம மட்டுந்தான் வர்றாரு. காபியக் குடிச்சிட்டு மொத்தமாக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுறாரு. எங்க சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. வண்டியிலிருந்து தன் பையை எடுத்து வரச் சொல்லி, அதிலிருந்து வழவழ தாளில் அச்சடித்த ஆண்டறிக்கையை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து மணிமாறனிடமே நீட்டினார்.

"அப்ப இது யார் எழுதுனதுங்க சார்? கலெக்டருக்கும் ஒண்ணு குடுத்திருக்கீங்க."

மணிமாறனின் முன்னால் இரண்டே வழி இருந்தது. ஒன்று, அயராத முயற்சி என்று தான் அச்சடித்தது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது, அமிர்தவல்லி இங்கே குடியிருக்கிறாள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அறிக்கையின் அட்டையில் இருந்த தன் புகைப்படத்தைப் பார்த்தார். நல்ல புகைப்படம். ஸ்டூடியோவில் போய் எடுத்தது.

"தெனமுந்தான் சார் வர்றாங்க," என்றார் கடைசியில். "நா சொல்ல வந்தது என்னன்னா, வியாழக்கெழம கொஞ்சம் கூடுதலா வர்றாங்கன்னு."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அறிவரசன் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துவிட்டு, தானும் இங்கேதான் ஒன்பது வருஷமாக மாவு வாங்குவதாகவும், கள விசாரணையில் இது நேரடியாகத் தெரிய வந்ததாகவும் புதுத் தாளில் எழுதினார். தாசில்தார், மனுதாரர் வீட்டை அனுபவித்து வருவது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது, பட்டா வழங்கலாம் என்று குறிப்பெழுதி, ஆதாரம் என்ற வகையில் நோட்டையே கோப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். அமிர்தவல்லி எல்லோருக்கும் காபி கொடுத்தாள். மணிமாறன் வேண்டாம் என்றார். பிறகு குடித்தார்.

உத்திராபதி கடைசியாகக் கிளம்பினார். "சாட்சி சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல, எழுநூறு தடவ சொல்லியிருக்கேன் பாரு," என்றார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

நோட்டு தாலுகா ஆபீஸ் கோப்புக்குள் போய்விட்டதால் குபேர கார்டனில் ரோந்து நின்றுபோனது. கையெழுத்துப் போட இடமில்லாத ஊருக்கு ஏட்டு எதற்கு வருவார். புது நோட்டு கேட்டு ஸ்டேஷனிலிருந்து கடிதம் போயிருக்கிறது. புறக்காவல் நிலையத்துக்கு மாற்று இடம் பார்க்க மணிமாறன் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, அது இதுவரை இரண்டு முறை கூடி டிபன் சாப்பிட்டிருக்கிறது. இட்லி.

பத்தாவது வாரம் அமிர்தவல்லியின் போனுக்கு, பட்டா தயார் என்று குறுஞ்செய்தி வந்தது. கிரைண்டரை நிறுத்தினாள். நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூரில் ஓர் இ-சேவை மையத்துக்குப் போனாள். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டி, ஒரு தாளை அச்செடுத்துக் கொடுத்தாள். மேலே அரசு முத்திரை. மாவட்டம் சரி, வட்டம் சரி, கிராமம் சரி. புல எண் சரி, பரப்பு சரி. தாலுகா ஆபீஸில் இதைப் பதிவு செய்தவர் கோப்பிலிருந்த ஆதாரத்தை ஒரு பக்கம் விடாமல் பார்த்துத்தான் பதிவு செய்திருந்தார். அதில் எழுநூற்றுத் தொண்ணூறு இடத்தில் ஒரே ஆள்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் 'காவல்துறை மகன் உத்திராபதி' என்று இருந்தது.